மாட்டைத் தென்னையில் கட்டாமல் பேசுவது எப்படி?

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஐந்து வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் இன்னும் இரண்டு தோழிகளோடு வாடகை அறையில் இருக்கிறேன். பிரித்தானியா போவதற்காக ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சையை இரண்டு முறை எடுத்துவிட்டேன். கடைசி முறை செவிமடுத்தலில் 7.5, வாசிப்பில் 7, எழுத்தில் 6.5 கிடைத்தது. பேச்சிலும் 6.5தான், முதல் முறை 6. எனக்கு 7 வேண்டும். வகுப்பில் தந்த அறுபது மாதிரி விடைகளையும் பாடமாக்கியிருந்தேன். ஆனால் பேச்சுப் பரீட்சையில் 'நீங்கள் ஒருவருக்கு உதவிய சந்தர்ப்பம்' என்று தலைப்பு அட்டை வந்தது. அது என் அறுபதில் இல்லை. 'நான் மதிக்கும் மனிதர்' என்பதற்குப் படித்ததை மாற்றிச் சொன்னேன். பரீட்சகர் இடையில் நிறுத்திவிட்டார். அதன்பிறகு என்ன பேசினேன் என்றே நினைவில்லை. அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. உச்சரிப்பை வெள்ளைக்காரர் போல மாற்ற வேண்டுமா? மரபுத்தொடர்களை இன்னும் படிக்க வேண்டுமா? பரீட்சை நிலையத்தை மாற்றினால் நல்லதா? அடுத்த முறைக்கு எட்டு வாரம் இருக்கிறது.
– தாதி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. மாணவன் ஒருவன் 'பசு' கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போனான். வினாத்தாளில் 'தென்னை மரம்' வந்தது. அவன் கலங்கவில்லை. 'தென்னை மரம் உயரமானது. அதில் பசுவைக் கட்டலாம். பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு' என்று தொடங்கிப் பக்கத்தை நிரப்பினானாம். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அவன்தான் நினைவுக்கு வந்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடமாக இங்கே வகுப்பு நடத்துகிறேன். பசுவோடு வராத பிள்ளையைக் காண்பது அரிது. தொடக்க காலத்தில் மாதிரி விடைகளை அச்சடித்துக் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். என்.எம்.சி. எனப்படும் பிரித்தானியத் தாதியர் பேரவை மொத்தத்தில் 7, செவிமடுத்தல், வாசிப்பு, பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. மூன்றை வென்றுவிட்டீர்கள். இன்னொரு நல்ல செய்தி: பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்த இரண்டு பரீட்சைகளின் புள்ளிகளைச் சேர்த்துக் காட்டுவதற்கு 2023 முதல் அந்தப் பேரவை இடம் தருகிறது. அப்படிச் சேர்க்கும்போது இரண்டிலுமே எழுத்து 6க்கும், மற்ற மூன்றும் 6.5க்கும் கீழே இறங்கியிருக்கக் கூடாது. உங்கள் 6.5 அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை பேச்சில் 7 எடுத்து, மற்றவற்றைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பணம் கட்டுவதற்கு முன் என்.எம்.சி.யின் இணையத்தளத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை நீங்களே வாசித்து, உங்கள் திகதிகளோடு பொருத்திப் பாருங்கள். பக்கத்து அறைப் பிள்ளை சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான் சொன்னதை மட்டும் வைத்தும் வேண்டாம்.

'ஓ.ஈ.ரி.க்கு மாறலாமா' என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது மருத்துவத் துறையினருக்கான பரீட்சை. பேச்சுப் பகுதியில் நீங்கள் தாதியாகவே இருப்பீர்கள், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். நல்ல பரீட்சைதான். ஆனால் கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது வள்ளம் மாறுவதை நான் விரும்புவதில்லை.

இனி 6.5 எப்படி வருகிறது என்று பாருங்கள். பேச்சுக்கு நான்கு அளவுகோல்கள். தடையின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. ஒவ்வொன்றுக்கும் முழு எண்ணாகத்தான் புள்ளி போடுவார்கள். எனவே 6.5 எடுத்த ஒருவர் இரண்டில் 7, இரண்டில் 6 எடுத்தவராக இருக்கலாம். எது எது என்று பெறுபேற்றுத் தாளில் வராது. உங்கள் கடிதத்தை வைத்து நான் ஊகிக்கிறேன்: சொல்லும் உச்சரிப்பும் உங்களைக் காப்பாற்றியிருக்கின்றன, கோர்வையும் இலக்கணமும் கீழே இழுத்திருக்கின்றன. அறுபது விடைகளைப் பாடமாக்கும் நினைவாற்றல் உள்ளவருக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் பாடமாக்கியது முடிந்த இடத்தில் பேச்சும் முடிந்துபோகும்.

அந்த அளவுகோல் அட்டவணை ஐயெல்ட்ஸ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 6, 7 என்ற இரண்டு வரிசைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 6 பெறுபவர் நீளமாகப் பேசத் தயாராக இருக்கிறார். ஆனால் தயக்கத்தாலும் சொன்னதையே சொல்வதாலும் சில இடங்களில் கோர்வை அறுகிறது. 7 பெறுபவரும் தயங்குகிறார், தன்னைத் திருத்துகிறார். ஆனால் கோர்வை அறுவதில்லை. 7க்கான இலக்கணப் பெட்டியிலேயே சில பிழைகள் தொடர்ந்து இருக்கும் என்று எழுதியிருக்கிறது. பிழையே இல்லாமல் பேசினால்தான் 7 என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்தப் பயத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

பரீட்சகர் சிரிக்காததற்கும் உங்கள் புள்ளிக்கும் சம்பந்தமில்லை. 'நன்று', 'சரி' என்று சொல்லாமல் இருப்பது அவர்களுக்குத் தரப்படும் பயிற்சி. இடையில் நிறுத்தியது நேரம் முடிந்ததால் இருக்கலாம். மூன்று பகுதிகளும் சேர்ந்து முழுப் பேச்சுப் பரீட்சையே 11 முதல் 14 நிமிடம். தலைப்பு அட்டை வரும் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேசலாம். இரண்டு நிமிடமானதும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்துவார். அதற்குப் புள்ளி குறையாது. ஒப்புவிப்பு என்று தெரிந்தால் மட்டும் கதை வேறு. ஒப்புவிக்கும் குரல் வேறு, பேசும் குரல் வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கே அது காதில் தெரியும். பரீட்சகர் உடனே பாதையை மாற்றி எதிர்பாராத கேள்வியைப் போடுவார். உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உதவிய சந்தர்ப்பம் உங்களுக்கு இல்லையா? கொழும்பு வைத்தியசாலையில் தமிழ்த் தாதி. தமிழ் மட்டும் தெரிந்த ஓர் ஆச்சி கட்டிலில் இருக்கிறார். டொக்டர் சிங்களத்தில் விளக்குகிறார். மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஆங்கிலத்தில் கேட்கிறார். நடுவில் நிற்பது யார்? இப்படி ஒரு காட்சி உங்கள் நோயாளர் விடுதியில் மாதத்துக்கு ஒன்றாவது நடந்திருக்கும். இதைச் சொல்வதற்கு இருந்தும் யாரோ எழுதிக் கொடுத்த 'மதிக்கும் மனிதரை' இழுத்து வந்தீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

எட்டு வாரத்தில் முதல் மூன்று வாரத்தை இந்த ஒரு வேலைக்குக் கொடுங்கள். உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து பத்துச் சம்பவங்களைத் தெரிவு செய்யுங்கள். உதவியது, பயந்தது, காத்திருந்தது, ஏமாந்தது, ஒன்றைப் புதிதாகக் கற்றது, தொலைத்தது, மட்டக்களப்பு வாவிக் கரையில் கழித்த ஒரு நாள், கொழும்புக்கு வந்த முதல் வாரம், இப்படி. எழுத வேண்டாம். எழுதினால் மறுபடி பாடமாக்குவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஐந்தாறு சொற்களை மட்டும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சையிலும் பென்சிலும் தாளும் தந்து அந்த ஒரு நிமிடத்தில் அவ்வளவுதான் எழுத முடியும்.

பிறகு கைபேசியில் பதிவை அழுத்திவிட்டு அந்தச் சம்பவத்தை நான்கு நிமிடம் சொல்லுங்கள். நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு அதையே மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடத்தில். மூன்றாம் முறை சொல்லும்போது தேடல் குறைந்திருப்பதை நீங்களே உணர்வீர்கள். பாடமாக்கிய வாக்கியம் இல்லை, ஆனால் வழி தெரிந்த பாதை. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து கடற்கரைக்கு எத்தனையோ ஒழுங்கைகளால் போகலாம். ஒன்று மறித்திருந்தால் அடுத்ததால் இறங்குவீர்கள் அல்லவா, அதுபோல.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பயிற்சி இருக்கிறது. கடமை மாறும் நேரத்தில் நோயாளர் விபரம் ஒப்படைக்கிறீர்களே, அதுதான். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது என்று எஸ்.பி.ஏ.ஆர். ஒழுங்கில் சொல்லப் பழகியவர் நீங்கள். இரண்டாம் பகுதி அட்டையும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறது: யார், எங்கே, என்ன நடந்தது, உங்களுக்கு எப்படி இருந்தது. ஆச்சியின் கதையை ஒப்படைப்பைப் போலத் தொடங்குங்கள், ஆனால் முடிவில் உங்கள் மனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவக் கலைச்சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் டொக்டர் அல்ல.

பதிவைத் திரும்பக் கேட்பதுதான் பலருக்குக் கசக்கிறது. தன் குரலைத் தானே கேட்பது வெட்கமாக இருக்கும். முதல் வாரம் அப்படித்தான். கேட்கும்போது எல்லாப் பிழைகளையும் பிடிக்கப் போனால் மனம் ஒடிந்துவிடும். நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் நான்கு பிழைகள் இருக்கின்றன. அவை நான்குமே தமிழிலிருந்து வருபவை. முட்டாள்தனத்தால் வருபவை அல்ல.

தமிழில் 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே தூக்கி 'ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வைத்துவிடுகிறோம். அங்கே 'ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்' வர வேண்டும். முதலாம் பகுதியில் வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்டால், பரீட்சை தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் உங்களுக்குத் தேவைப்படும். அங்கேயே சறுக்கினால் மனமும் சறுக்கும்.

அடுத்தது பன்மை. தமிழில் 'பத்து மாத்திரை', 'மூன்று கட்டில்' என்றால் போதும். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்' விட்டுப்போனால் அது பிழை. இங்கே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பலருக்கு இலக்கணம் தெரியும், எழுதினால் சரியாக எழுதுவார்கள். பேசும்போது சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். 'பேஷன்ட்ஸ்' என்பதில் கடைசி 'ஸ்' போய்விடுகிறது. 'ஆஸ்க்ட்' என்பது 'ஆஸ்க்' ஆகிவிடுகிறது. நீங்கள் விழுங்கினீர்களா, தெரியாமல் விட்டீர்களா என்று பரீட்சகருக்கு எப்படித் தெரியும்? அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தில் 6.5 எடுத்தவர் பேச்சு இலக்கணத்தில் இறங்குவதற்கு இதுவே காரணமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு வாரம் முழுக்கச் சொற்களின் வாலை மட்டும் கவனியுங்கள்.

மூன்றாவது, சம்பவம் சொல்லும்போது வரும் சங்கிலி. தமிழில் 'வந்து, பார்த்து, அழைத்து, மருந்து கொடுத்து, படுக்க வைத்தேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், அழகாகவும் இருக்கும். அதே கோவை ஆங்கிலத்தில் 'அண்ட் தென், அண்ட் தென்' ஆகிவிடுகிறது. ஒரு கதையில் இரண்டு இடத்தில் மட்டும் அதை உடையுங்கள். 'பை த டைம் த டொக்டர் கேம், ஷி ஹாட் ஆல்ரெடி ஸ்டொப்ட் கிரையிங்' என்பது போன்ற ஒரு வாக்கியம். 'ஆல்தோ' என்று தொடங்கும் ஒன்று. 'இஃப் ஐ ஹாட் நொட் பீன் தெயர்' என்று நடக்காததைச் சொல்லும் ஒன்று. பரீட்சகர் தேடும் இலக்கண விரிவு இப்படித்தான் வரும். கதைக்குத் தேவையான இடத்தில் போடுங்கள். இல்லாத இடத்தில் ஒட்டினால் அதுவும் பசுதான்.

நான்காவது, 'த', 'எ' என்ற இரண்டு சின்னச் சொற்கள். தமிழில் இல்லாதவை. எட்டு வாரத்தில் இதை முழுதாகத் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள். 7க்கான பெட்டி அனுமதிக்கும் பிழைகளில் இதுவும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரர் போல மாற்ற வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் விளங்குகிறதா என்பதைத்தான் அளக்கிறார்கள். தமிழ் வாடை இருக்கலாம்; மட்டக்களப்பு வாடையும் இருக்கலாம். வாயில் வெற்றிலையை அடக்கியது போல ஒரு புது உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு வந்த மாணவி ஒருவர் இருந்தார். நானே இரண்டு முறை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் நம் நாக்கு செய்யும் சில வேலைகளை அறிந்து வைத்திருப்பது நல்லது. பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை. ஆகவே நாக்கு தானாக ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறது: 'கேட்' கேட்டு ஆகிறது, 'பாங்க்' பாங்கு ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் எகரம் வந்தால் ஒரு யகரமும் ஒகரம் வந்தால் ஒரு வகரமும் முன்னால் நுழைந்துகொள்கின்றன: 'எவ்ரி' யெவ்ரி ஆகிறது, 'ஒன்லி' வொன்லி ஆகிறது. 'பில்' என்று எழுதினால் அது மாத்திரையா, கட்டணச் சீட்டா என்று நம் எழுத்தில் தெரியாது. ஆங்கிலத்தில் அது இரண்டு சொல். உங்கள் தொழிலில் அந்த வேறுபாடு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 'வெட்' என்று நாம் ஒரே மாதிரிச் சொல்வதில் மிருக வைத்தியரும் இருக்கிறார், ஈரமும் இருக்கிறது. முதலாவதற்குக் கீழுதட்டில் பல் பட வேண்டும். இரண்டாவதற்கு உதடுகள் குவிய வேண்டும், பல் படக் கூடாது. கண்ணாடி முன் ஐந்து நிமிடம் போதும்.

இவற்றைவிடப் பெரியது அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொடுக்கிறோம். ஆங்கிலம் ஒரு அசையில் ஏறி மிதித்துவிட்டு மற்றவற்றை நழுவ விடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் பலம், 'ஃபொடோகிராஃபர்' என்பதில் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவதில். வாக்கியத்திலும் அப்படியே, செய்தியைச் சுமக்கும் சொல் உயர வேண்டும். பாடமாக்கியதை ஒப்புவிக்கும்போது முதலில் தொலைவது இதுதான். எல்லாச் சொல்லும் ஒரே மட்டத்தில் தண்டவாளம் போல ஓடும். உங்கள் சொந்தக் கதையைச் சொன்னால் பாதி அழுத்தம் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

மரபுத்தொடர்கள். 'ரெயினிங் காட்ஸ் அண்ட் டோக்ஸ்' என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து தாருங்கள். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதையும் அத்தோடு சேர்த்துக் கடலில் போடுங்கள். பரீட்சகர் அதை ஒரு நாளில் எத்தனை பேரிடம் கேட்பாரோ! சொல்வளம் என்றால் பொருத்தமான சொற்கள் பொருத்தமான துணையோடு வருவது. ஒரு சொல் தெரியாதபோது சுற்றி வளைத்து விளக்கத் தெரிந்திருப்பதும் அதில் சேர்த்தி. அளவுகோலிலேயே அது இருக்கிறது. இங்கேதான் நம்மவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை விடுகிறார்கள். 'காலையில் என்ன சாப்பிடுவீர்கள்' என்று கேட்டால், தினமும் புட்டுச் சாப்பிடுபவர் 'பிரெட் அண்ட் பட்டர்' என்கிறார். புட்டு என்றே சொல்லுங்கள். பிறகு அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போட்டு ஆவியில் அவிப்பது என்று விளக்குங்கள். பாணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புட்டைப் பற்றி மூன்று வாக்கியம் இருக்கிறது. முதலாம் பகுதிக்கு அந்த மூன்று வாக்கியம்தான் அளவு. ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள், பிரசங்கமும் வேண்டாம்.

மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். 6.5இல் நிற்கும் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். கேள்வி உங்களை விட்டுச் சமூகத்துக்குப் போய்விடுகிறது. 'முன்பைவிட இப்போது மக்கள் ஒருவருக்கொருவர் உதவுவது குறைந்துவிட்டதா?' என்று கேட்டால், நீங்கள் மறுபடி ஆச்சியின் கதையைச் சொல்லக் கூடாது. ஒரு நிலைப்பாடு, ஒரு காரணம், ஒரு காட்சி, ஒரு மறுபக்கம். இந்த ஒழுங்கு கட்டாயமில்லை. கைப்பிடிச்சுவர் போல வைத்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு வெளிநாடு போக வேண்டாம். 2022இல் இந்த நகரத்தில் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். ஒருவர் வீட்டுக்குப் போய் வரும்வரை முன்பின் தெரியாதவர் அவருடைய ஓட்டோவைத் தள்ளி நகர்த்தி வைத்தார். அதே வரிசையில் சண்டையும் நடந்தது. தேவை வந்தால் உதவுகிறோம், வசதி வந்தால் கதவைச் சாத்துகிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் இருப்பதை அதற்கு எடுத்துக்காட்டலாம். உங்கள் கருத்து சரியா என்று யாரும் புள்ளி போடுவதில்லை. அதை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதற்குத்தான் புள்ளி.

கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். குற்றமில்லை. மூன்றாம் பகுதியில் அவர் வேறு சொற்களால் கேட்கவும் முடியும். விளங்காமலே ஒன்றைச் சொல்லிவைப்பதுதான் சிக்கல். யோசிக்க நேரம் வேண்டுமென்பதற்காக 'தட் இஸ் எ வெரி இன்ட்ரெஸ்டிங் குவெஸ்சன்' என்று தொடங்க வேண்டாம். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கொழும்பில் இருப்பதால் நம் வாயில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வாக்கியத்தின் முடிவில் சிங்களத்து 'நே', அல்லது அதன் ஆங்கிலப் பிரதியான 'நோ?'. விடுதியில் அது அன்பு. பரீட்சை அறையில் அதைச் செருப்போடு வெளியே விட்டுவிடுங்கள்.

பேசுவதற்கு ஆள் இல்லை என்பது அடுத்த முறைப்பாடாக இருக்கும். உங்களோடு இரவுக் கடமை செய்யும் சிங்களத் தாதி ஒருவரும் இதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார், பந்தயம் கட்டலாம். அவரைப் பிடியுங்கள். தமிழ்த் தோழியோடு பயிற்சி செய்தால் இரண்டாவது நிமிடத்தில் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவீர்கள். ஒருவரும் கிடைக்காத நாளில் மாலையில் கடற்கரைப் பக்கமாக நடங்கள். காதில் கைபேசியை வைத்துக்கொண்டு உங்களுடனேயே ஆங்கிலத்தில் பேசுங்கள். காலி முகத்திடலில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் முயற்சி செய்ய வேண்டாம், நடத்துநரின் குரலோடு போட்டி போட முடியாது.

நிலையத்தை மாற்றுவது பற்றி. கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகவும் ஐ.டி.பி. நிறுவனம் வழியாகவும் எடுக்கலாம். கேம்பிரிட்ஜோடு சேர்ந்து ஐயெல்ட்ஸின் உரிமையாளர்களே அவர்கள்தான். பரீட்சை ஒன்று, அளவுகோல் ஒன்று. 'அங்கே சுலபம், இங்கே கஷ்டம்' என்பது வகுப்பு வாசலில் பிறந்து வட்ஸ்அப்பில் வளரும் கதை. உங்களுக்கு வசதியான திகதி எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுங்கள். இரவுக் கடமை முடிந்த மறுநாள் காலையாக மட்டும் இருக்கக் கூடாது. இந்த மாதக் கேள்விகள் என்று பணத்துக்கு விற்கும் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். அவர்கள் விற்பதும் பசுதான், விலை மட்டும் அதிகம்.

மறுமதிப்பீடு கேட்கலாமா என்ற எண்ணமும் இருந்தால்: பரீட்சைத் திகதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சு ஒலிப்பதிவாக இருப்பதால் இன்னொருவர் அதைக் கேட்டுப் புள்ளியிடுவார். மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீங்கள் விபரித்த அந்தப் பேச்சுக்கு நான் பணம் கட்ட மாட்டேன். அந்தக் காசை அடுத்த பரீட்சைக்கு வையுங்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். தெரியாத தலைப்புகளை ஒருவர் குருட்டாம்போக்கில் எடுத்துத் தர, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று முழுப் பரீட்சையாக நடத்திப் பாருங்கள். செவிமடுத்தல், வாசிப்பு, எழுத்து மூன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்; செவிமடுத்தல் 7.5இல் இருந்து 6க்கு விழுந்து, சேர்க்கும் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது.

இன்று இரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஆச்சியை, அல்லது உங்கள் விடுதியில் உண்மையில் இருந்த ஒருவரை நினைத்துக்கொண்டு, எதையும் எழுதாமல், இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். நோயாளியின் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிடுங்கள். தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டாம், தடுமாறியபடியே இருக்கட்டும். இந்தப் பகுதியின் முகவரிக்கு அதை அனுப்பிவையுங்கள். கேட்டுவிட்டு எந்த இடங்களில் 6 விழுகிறது என்று அடுத்த மாதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்